தலைப்பு வெட்டுப்பட்ட நகல்

நான் ஸ்டாம்ப் போட மறுத்ததால் ஒரு மெஷின் அரைநாள் சும்மா நின்றது. இருபத்தாறு வருட வேலையில் நான் அதிகம் திட்டு வாங்கிய நாளும், மார்தட்டிக்கொள்ளும் நாளும் அதுதான்.

சிங்கப்பூர் ஜூரோங்கில் எங்கள் தொழிற்சாலை துப்பாக்கி செய்வதில்லை. போட்டித் துப்பாக்கி செய்யும் வெளிநாட்டுக்காரர்களுக்குக் கேஜ் செய்து அனுப்புவோம். தோட்டா உட்காரும் அறை சரியான அளவில் இருக்கிறதா என்று சோதிக்கும் விரல் நீள இரும்புத் துண்டு அது. நான் டாக்குமெண்ட் கன்ட்ரோலர். தோட்டா அளவுப் புத்தகங்கள், அவற்றின் பழைய, புதிய பதிப்புகள், சொந்தமாகத் தோட்டா வடிவமைக்கிறவர்கள் அனுப்பும் வரைபடங்கள் எல்லாம் என் அலமாரியில். என் சிவப்பு ஸ்டாம்ப் இல்லாத தாள் மெஷினுக்குப் போகக்கூடாது.

புரொடக்ஷன் எஞ்சினியர் நசீர் ஒரு நகலை நீட்டினார். ஓரம் மடங்கி, எண்ணெய்க் கறை படிந்திருந்தது.

"செல்விக்கா, ஒரு ஸ்டாம்ப் அடிச்சுடுங்க லா. மெஷின் வெயிட்டிங்."

"எந்தப் புத்தகம், எந்தப் பக்கம்னு இதுல இல்லையே."

"என் டூல்பாக்ஸ்ல ரொம்ப நாளா இருக்கு. நம்பர்லாம் கரெக்ட்."

மேனேஜர் வேறு போனில் கத்தினார். ஸ்டாம்பை எடுக்கக் கை போனது, பொய் சொல்வானேன். இருந்தாலும் அந்தத் தோட்டாவின் அளவுப் புத்தகத்தை எடுத்து விரித்தேன்.

அந்தப் புத்தகத்தில் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு படங்கள் இருக்கும். ஒன்று தோட்டா, அதிகபட்சம் எவ்வளவு பெரிதாகலாம் என்று சொல்லும். மற்றொன்று அது உட்காரும் அறை. குறைந்தபட்சம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்லும். கேஜ் செய்ய அறையின் அளவு வேண்டும். நசீரின் கையிலிருந்தது தோட்டாவின் அளவு. இரண்டுக்கும் வித்தியாசம் மயிரிழைதான். ஆனால் அந்தக் கேஜ், இறுக்கமான அறையையும் சரி என்று சொல்லிவிடும். இறுக்கமான அறையில் அழுத்தம் எகிறினால், துப்பாக்கியில் கன்னம் வைத்துச் சுடுகிறவர் முகத்தருகேதான் அதன் விளைவு தெரியும்.

படத்தின் தலைப்பு மட்டும் நகலில் வெட்டுப்பட்டிருந்தது. நசீருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"இத வெச்சு முன்னாடி ஏதாச்சும் செஞ்சீங்களா?"

"இல்லக்கா, சத்தியமா இதான் ஃபர்ஸ்ட்."

ஜெயித்த மிதப்பில் நகலைத் திருப்பினேன். பின்புறம் பென்சிலில் 'நசீருக்கு, அவசரம்' என்று எழுதியிருந்தது. என் கையெழுத்து. தடித்த புத்தகத்தைச் சரியாக அமுக்காமல், தலைப்பு விழாமல் நகல் எடுத்து, ஸ்டாம்பும் இல்லாமல் கொடுத்தவள் நானேதான். அந்த அவசர ஆர்டர் அப்போது கேன்சல் ஆனதால்தான் தாள் பயன்படாமல் கிடந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது.

தவறு நடந்தால் அறிக்கை எழுத வேண்டும். காரணம் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன்.

"வேணாம்க்கா. அந்தத் தாளக் கிழிச்சுப் போட்டா யாருக்குத் தெரியும்?"

"நாளைக்கு நான் ஸ்டாம்ப் அடிச்சா எவன் நம்புவான்?"

மேனேஜர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மறுவாரம் நசீர் தன் டூல்பாக்ஸிலிருந்த நகல்களையெல்லாம் என் மேசையில் கொண்டுவந்து கொட்டினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கொட்டினார்கள்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களே, யாராவது தாளை நீட்டினால் புத்தகத்தைக் கேளுங்கள். நீட்டுவது நானாக இருந்தாலும் கேளுங்கள். அந்த அறிக்கையை இன்றும் என் அலமாரியில், அளவுப் புத்தகங்களுக்கு நடுவில்தான் வைத்திருக்கிறேன்.