பட்டுக்கு அடியில் வைத்த சுருட்டு

ஆரணியில் என் கல்யாணப் புடவை எடுத்த கடையின் விற்பனையாளர் அவர். பெரிய மீசைக்காரர். புடவையைத் தன் தோளிலேயே போட்டு, மணப்பெண்ணாய் வெட்கப்பட்டுக் காட்டுவார். நாங்கள் புடவை எடுக்கப் போன அன்று, தன் மகளுக்கு வேலை கிடைத்ததாகப் போன் வந்ததும் துள்ளினார். அந்த நாளுக்கென்றே பட்டுப் புடவைகளுக்கு அடியில் வைத்திருந்த வெளிநாட்டுச் சுருட்டோடு வாசலுக்கு ஓடினார். கடையே பின்னால் ஓடியது. பற்றவைத்து, கண்ணை மூடி ஓர் இழுப்பு இழுத்தார். முகம் கோணியது.

"எப்படிங்க இருக்குது?" என்றேன்.

"பாச்சா உருண்டையைக் கொளுத்தின மாதிரி இருக்குதும்மா!"

புடவைக்குப் போட்ட உருண்டையின் நெடி சுருட்டிலும் ஏறியிருந்தது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவரோ மறுபடி இழுத்தார்.

"தூக்கிப் போடுங்க!" என்றேன்.

"போடறதா? எத்தினி வருசமா காத்துகினு இருந்தேன்!" என்று இருமிக்கொண்டே கடைசிவரை பிடித்தார்.

இன்றும் பீரோவைத் திறந்தால் எனக்குச் சுருட்டு வாசனைதான் அடிக்கிறது.