சத்தம் நின்றால் ஓடுங்க

ரவி அண்ணன் கொழும்பில் நெஞ்சுவலி வந்து இறந்துபோய்விட்டார் என்று அவர் தங்கை போனில் சொன்னபோது, எங்கள் லயத்து வரிசை வீடுகளின் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அழுகை வரவில்லை. முதலில் வந்தது பயம். லயத்துக்குப் பின்னால் நிற்கும் மலையைத் திரும்பிப் பார்த்தேன். இனி இதை யார் பார்த்துக்கொள்வார்கள்?

அவரை அறிந்த உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அரநாயக்கப் பக்கத்து இறப்பர் தோட்டத்தில், எங்களுக்கு அடுத்த காம்பரா வீட்டில் பிறந்தவர். கேகாலையில் படித்து, கொழும்பில் மென்பொருள் பொறியியலாளரானார். நாம் போனில் தொட்டு விளையாடுகிறவற்றுக்கு அடியில், இயந்திரத்தையே எழுப்பி நடத்தும் நிரல்களை எழுதினார். “ஓடுறப்ப எங்க வேலை யாருக்கும் தெரியாது, நின்னாத்தான் தேடுவாங்க” என்று சிரிப்பார். பிறகு சூரிய மின்சார ஆராய்ச்சிக்கு மாறினார். அதைச் சோதித்துப் பார்க்க இந்த மூட்டம் பிடித்த மலையா கிடைத்தது என்று கேலி செய்தோம். “வெயில்ல யாரு வேணும்னாலும் செய்வாங்க” என்றார்.

அரநாயக்கவில் மலை சரிந்த பிறகு, எங்கள் லயத்துக்குப் பின்னால் மண் அசைவை அறியும் கருவி ஒன்றை நட்டார். மின்சாரம் கூரையில் பதித்த சூரியத் தகட்டிலிருந்து வந்தது. எல்லாம் சரியாக இருந்தால் மணிக்கொரு தடவை கூவும். மண் அசைந்தாலும், கருவியே கெட்டாலும், கூவாது.

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. “ஆபத்து வந்தா கத்துற மாதிரி செய்யக்கூடாதா தம்பி?”

“கத்துறதுக்கு முந்தி அது செத்துப்போச்சுன்னா என்ன செய்வீங்க அத்தை? சத்தம் நின்னா ஓடுங்க. ஏன்னு பொறகு பார்ப்போம்.”

ஆயுத பூசைக்குப் பால்வெட்டும் கத்திக்கும் வாளிக்கும் வைத்த சந்தனத்தை அந்தத் தகட்டுக்கும் பூசினோம். பக்தி கூடிப்போய் முழுத்தகட்டிலும் அப்பிவிட்டோம். மழைநாட்கள் வேறு. பற்றரி இறங்கி, சத்தம் நின்றது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, மலையை விட்டுத் தள்ளியிருக்கும் கோயிலுக்கு ஓடினோம். மறுநாள் வந்து தகட்டைத் துடைத்த ரவி அண்ணனிடம் திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

“ஓடினீங்களா?”

“ஓடினோம்ண்ணே.”

“அப்ப சரி. சந்தனப் பொட்டை ஓரத்துல வைங்க.”

அவரைக் கொண்டுவந்து வாசலில் கிடத்திய பகலிலும் மழை விடவில்லை. ஒப்பாரிக்கு நடுவே அம்மாதான் தலையைத் தூக்கினார். “சத்தம் வரலையே.” தப்பு மேளம் அடித்தவர்கள் கையை நிறுத்தினார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. அவர் கிடந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு, சேற்றில் வழுக்கி வழுக்கி, எல்லோரும் கோயிலுக்கு ஓடினோம்.

பிறகுதான் தெரிந்தது. சாவு வீட்டுக்கென்று முந்தின நாளே கூரையிலிருந்து இழுத்துக் கட்டிய தார்ப்பாய்ப் படங்கு தகட்டை மூடியிருந்தது. யாரோ சிரித்துவிட்டார்கள். என்னால் முடியவில்லை. அடுத்த தடவையும் படங்காகத்தான் இருக்கும் என்று யார் சொல்வது? மலை அங்கேதான் நிற்கிறது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தப் பயத்தைத்தான். இதை எழுதும்போதும் காது மலைப்பக்கமே இருக்கிறது. மணி ஆகிவிட்டது. பேனாவை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

கூவிவிட்டது.

அடுத்த மணி வரைக்கும் அழலாம், அண்ணே.