அம்மன் கோயில் கதவு வைத்த பள்ளிக்கூடம்

நீலாயில் ஒரு பல்கலைக்கழகத்தின் கிளையைத் திறந்த அன்று என் பேத்தி என்னையும் அழைத்துப் போனாள். அவளுக்கு அங்கேதான் இடம் கிடைத்திருந்தது. எல்லோரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் மட்டும் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன தாத்தா தேடுறீங்க, டாய்லெட்டா?"

"இல்லம்மா. இந்த மண்டபத்துக்கு எத்தனை வாசல்னு பார்க்கிறேன்."

அவள் சிரித்தாள். சிரிக்கட்டும். கிளை திறப்பது எனக்குப் புதிதல்ல. அதை அவளுக்காக எழுதி வைக்கிறேன்.

ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்து ஆண்ட காலம். நான் லாபு பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கிறவன். நாலாம் வகுப்போடு என் படிப்பு சரி. நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் இருந்த சின்ன மாரியம்மன் கோயிலில் விளக்கு வைப்பதும் என் பொறுப்பு. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு, கணக்கெழுதும் கிராணிதான் தோட்டத்துக்கு எல்லாம். அரிசி இல்லை, மரவள்ளி நட்டுத் தின்றோம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தைச் சிப்பாய்கள் எடுத்துக்கொண்டார்கள். என் மகளுக்கு வயது ஏழு. ஓர் எழுத்து தெரியாது. மாரியாத்தாளிடம் நான் அரிசி கேட்டதில்லை. இந்தப் பிள்ளைக்கு ஒரு வாத்தியாரைக் காட்டு என்றுதான் கேட்டேன்.

அவள் காட்டினாள். சிரம்பான் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர், தோட்டங்களில் கிளை திறக்க ஜப்பான்காரனிடம் அனுமதி வாங்கிவிட்டதாகச் சொல்லியனுப்பினார். இடம் நாங்கள் கொடுக்க வேண்டும். திறக்கிற அன்று பிள்ளைகள் உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் வாத்தியாரைப் பக்கத்துத் தோட்டத்துக்கு அனுப்பிவிடுவார்.

இடம் இருந்தது. ரப்பர் ஷீட்டைப் புகை போட்டுக் காய வைக்கும் கொட்டகை சும்மா கிடந்தது. செங்கல் சுவர் முழுக்கக் கரி பிடித்து, கரும்பலகையே தேவையில்லாமல் இருந்தது. கூட்டிப் பெருக்கிச் சாம்பிராணி போட்டேன். ஆனால் ஒருத்தரும் பிள்ளையை அனுப்பச் சம்மதிக்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்திதான் வாயைத் திறந்து காரணம் சொன்னாள். சம்பளம் கொடுக்கிறோம் என்று ஸ்டோருக்குள் கூப்பிட்டு, முன்வாசலை அடைத்து, அவள் வீட்டுக்காரரை லோரியில் ஏற்றிச் சயாமுக்குக் கொண்டுபோயிருந்தார்கள், ரயில் பாதை போட. போனவர் போனவர்தான்.

"ஒத்த வாசல் உள்ள எடத்துல எம்புள்ளைய விடமாட்டேண்ணே. ஜப்பான்காரன் முன்னாடி வந்து நின்னுட்டா, புள்ள எங்கிட்டு ஓடும்?"

மறுநாள் கிராணியிடம் போய், கொட்டகையின் பின்சுவரை உடைத்து, ரப்பர் காட்டைப் பார்த்து ஒரு வாசல் வைக்க அனுமதி கேட்டேன். தோட்டத்துக் கட்டடம் பின்னால் திறந்து கிடந்தால் தன் தலை போய்விடும் என்றார் அவர். உடைத்தால் கதவும் போட வேண்டும் என்றார். பலகைக்கு எங்கே போவது? எங்கள் தச்சரும் சயாமில்தான்.

தோட்டத்திலேயே பூட்டுப் போடாத ஒரே நல்ல கதவு கோயில் கதவுதான். அது என் மனதுக்குத் தெரிந்தும் வாய்க்கு வரவில்லை. சாமி சொத்தைத் தொடுவதா? லயத்து ஆட்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது, அதே பெண்தான் சொன்னாள்:

"ஆத்தாளுக்குக் கதவு எதுக்குண்ணே? அவள யாரு சயாமுக்கு ஏத்திக்கிட்டுப் போகப் போறா?"

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. நான் கற்பூரம் ஏற்றி உத்தரவு கேட்டுக் கதவைக் கழற்றினேன். கடப்பாரையால் சுவரை உடைத்து அதை மாட்டினோம். எங்களை வேலை வாங்கும் மண்டோர் வந்து பார்த்துவிட்டு, "ஓடிப் போறதுக்குன்னு வாசல் வச்சுப் பள்ளிக்கூடம் கட்டுன மொத ஆளு நீதான்யா" என்று கிண்டல் செய்தார். ஆனால் அன்று மாலையே தன் பேரனையும் அனுப்புவதாகச் சொன்னார்.

திறப்பு நாள் வந்தது. பிள்ளைகள் தலைக்கு எண்ணெய் தடவி, சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். தலைமை ஆசிரியர் ரயிலில் வந்து நடந்து வருவார் என்று நினைத்திருந்தோம். செம்மண் பாதையில் லோரி சத்தம் கேட்டது.

ஒரு பிள்ளை கூட அழவில்லை. கோயில் கதவைத் தள்ளிக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டார்கள். தாய்மாரும் போனார்கள். என் மகளும் போனாள். நானே ஒரு காலை வெளியே வைத்துவிட்டேன்.

லோரியிலிருந்து இறங்கியவர் தலைமை ஆசிரியர். பின்னால் ஒல்லியாக ஒரு வாத்தியார். மற்றபடி லோரி நிறையப் பழைய பெஞ்சுகள். தலைமை ஆசிரியர் உள்ளே வந்து காலிச் சாக்குகளைப் பார்த்தார்.

"பள்ளிக்கூடம் இருக்கு. புள்ளைங்க எங்கய்யா?"

வருவார்கள் என்றேன். ஏன் ஓடினார்கள் என்றும் சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்துத் தோட்டத்தில் காத்திருக்கிறார்களாம். வாத்தியாரின் டிரங்குப் பெட்டியை இன்னும் இறக்கவில்லை. நான் ஆத்தாளை அழைத்தேன். வேறு யாரை அழைப்பது?

பின்கதவு அசைந்தது. அந்தப் பெண் மகனின் கையை இறுக்கிப் பிடித்தபடி எட்டிப் பார்த்தாள். லோரியைப் பார்த்தாள், பெஞ்சுகளைப் பார்த்தாள், முன்வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள்.

"இவருதான் வாத்தியாரா?"

"ஆமா தங்கச்சி."

"இந்தக் கதவ மட்டும் பூட்டாதீங்க சாரு" என்று அவரிடம் சொல்லிவிட்டு, கையை விட்டாள்.

பையன் குனிந்து, கோயிலுக்குள் நுழைகிற மாதிரியே நிலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். அவன் பின்னால் என் மகள். அவளும் தொட்டு ஒற்றிக்கொண்டாள். பிறகு ஒவ்வொருவராக எல்லாப் பிள்ளைகளும். கடைசியில் சாக்கில் இடமில்லை. தலைமை ஆசிரியர் காலில் இருந்த சப்பாத்தைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, கரிச்சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் பெரிதாக ஓர் 'அ' போட்டார். பிள்ளைகள் போட்ட சத்தத்துக்கு மரவள்ளிக் கொல்லையில் நின்றவர்கள்கூட வேலையை விட்டுவிட்டு வந்தார்கள்.

மதியம் லோரி புறப்பட்டபோது, டிரங்குப் பெட்டி எங்கள் லயத்துக்கு வந்துவிட்டிருந்தது. அந்த வருஷங்களில் எங்கள் தோட்டத்துக்கு வந்த ஒரு லோரி, யாரையும் ஏற்றாமல், ஓர் ஆளை இறக்கிவிட்டுப் போனது அன்றுதான்.