நாலு கிளாஸ் தண்ணீர்

ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். கையெழுத்தும் கோணல், பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

1984-இல் நடந்தது. பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தில் குடியிருந்தோம். மாக் மண்டினில் ஒரு பட்டறையில் எண்ணெய் டிரம் பழுதுபார்ப்பது என் வேலை. முதல் பிள்ளை வயிற்றிலேயே இறந்துவிட்டது. அதனால் மனைவி மறுபடி முழுகாமல் இருந்தபோது இருவருக்கும் பயம். ஏழாம் மாதம் லேசாக ரத்தம் பட்டது. பினாங்குத் தீவில் ஒரு கிளினிக்கில் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். நாலு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டு, சிறுநீரை அடக்கிக்கொண்டு வர வேண்டுமாம். எதற்கென்று கேட்க எனக்குக் கூச்சம்.

வீட்டிலேயே குடித்துவிட்டுக் கிளம்பினாள். அன்று பார்த்து ஃபெரிக்கு நீண்ட வரிசை. கடலில் ஃபெரி ஆடும்போதெல்லாம் என் கையைப் பிடித்து நெரித்தாள்.

"என்னங்க, முடியலைங்க."

கரை இறங்கியதும் எனக்கு மனசு கேட்கவில்லை. "பாத்ரூம் போய்ட்டு வாம்மா. உள்ள தண்ணி இருக்கா இல்லையான்னு அவங்களுக்கு எங்க தெரியப்போகுது?" என்றேன்.

டாக்டரம்மா கருவியை வயிற்றில் வைத்துப் பார்த்தார். "தண்ணியே இல்லையே. படம் சரியாத் தெரியலை."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்து, "நான்தான் போகச் சொன்னேன்" என்றேன்.

"நல்ல புருஷன்லா அக்கா உங்களுக்கு," என்று நர்ஸ் மிஸ்ஸி மறுபடியும் நாலு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தார். அவளோடு நானும் நாலு குடித்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து, திரையில் குழந்தையின் இதயம் சின்ன விளக்குபோல மினுக்கியது. டாக்டரம்மா கீழே ஓர் இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். நஞ்சுக்கொடி குழந்தை வரும் வழியை அடைத்துக்கொண்டு கிடந்தது.

"வலி வரட்டும்னு வீட்டுல இருந்திருந்தா ரெண்டு உயிருக்கும் ஆபத்து. தேதி குறிச்சு ஆபரேஷன் பண்ணிடலாம்."

அப்போதுதான் வாய் திறந்தேன். "தண்ணி எதுக்கு டாக்டர்?"

"சத்தத்தை உள்ள அனுப்பி, திரும்பி வர்றதைப் படமாக்குறோம். காத்து மறிக்கும், தண்ணி வழி விடும்."

"நான் டிரம்மைத் தட்டியே எண்ணெய் எதுவரைக்கும் இருக்குன்னு சொல்லுவேன். அது மாதிரியா?"

அவர் சிரித்துவிட்டார். "கிட்டத்தட்ட அதான் அண்ணே. நான் கொஞ்சம் மெதுவாத் தட்டுறேன்."

குறித்த தேதியில் மகள் பிறந்தாள். தாயும் பிழைத்தாள்.

அந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருந்தால், வழியைக் காட்டும் தண்ணீரை நானே வெளியேற்றச் சொல்லியிருக்க மாட்டேன். அதனால் இப்போதெல்லாம் எவ்வளவு கூச்சமாக இருந்தாலும், எதற்கு என்று கேட்டுவிடுகிறேன்.

9.6.1994