டிசம்பரிலிருந்து தலைகீழாக

நுல்வாரா ஊரில் மெர்வ் பாஸ்கோ மாதிரி இன்னொரு ஆட்டக்காரன் பிறக்கவில்லை என்று எவனைக் கேட்டாலும் சொல்வான். சரி, இருக்கட்டும். ஆடினவன் ஆடினதை இல்லையென்று சொல்ல முடியாது.

பதினாறு வயதில் ஊர் ஃபுட்பால் அணிக்கு வந்தான், கையாலும் காலாலும் ஆடுகிற எங்கள் பக்கத்து ஃபுட்பால். எதிரணி கோல் போட வரும்போது குறுக்கே நிற்கிற வேலை. ஆள் குட்டைதான், ஆனால் அவனோடு மோதினவன் மறுநாள் மாட்டில் பால் கறக்கக் கையைத் தூக்க மாட்டான். பத்தொன்பதில் மெல்போர்னின் பெரிய கிளப்பிலிருந்து ஆட்கள் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு வருஷத்தில் பதினோரு ஆட்டம். பதினோராவதில் எவனுடைய முழங்காலோ காதுக்கு மேலே இறங்கியது. விழுந்தவன் எழுந்து கடைசி மணி அடிக்கும் வரை ஆடினான். அந்த ஆட்டமும் அதற்கு முந்தின வாரமும் இன்றுவரை அவன் நினைவில் இல்லை. பீர் குடிக்கும்போது இதைப் பெருமையாகச் சொல்வான். கேட்கிறவர்களும் முதுகில் தட்டுவார்கள். அப்படிப்பட்ட ஊர் எங்களுடையது. அந்த அடிக்குப் பிறகு அவனுக்குப் பந்து இரண்டாகத் தெரிந்தது, மெல்போர்ன்காரர்கள் கைகழுவிவிட்டார்கள்.

திரும்பி வந்தவனுக்கு ரயிலடிக் கோதுமைக் கிடங்கில் வேலை கிடைத்தது. இருபத்தேழு வயதில் கோச் ஆனான். ஆனதிலிருந்து ஒரே பல்லவி, கொடி. செப்டம்பர் கடைசியில் இறுதி ஆட்டத்தை ஜெயிக்கிற ஊருக்குத்தான் அந்த வருஷத்துக் கொடி. நுல்வாராவுக்கு அது கிடைத்து இருபத்தெட்டு வருஷம் ஆகியிருந்தது. மெர்வ் வந்தபிறகு இரண்டு தடவை இறுதிவரை போனோம். இரண்டு தடவையும் பக்கத்து ஊர் பாரபூல்காரன் கொத்திக்கொண்டு போனான்.

இரண்டாவது தடவை தோற்றது எங்கள் ஊர் டாக்டர் அட்கினால் என்று மெர்வ் சொன்னான். அந்தக் காலத்தில் வெளியே போனவன் திரும்பி உள்ளே வர முடியாது. தலையில் அடிபட்டவனை டாக்டர் மூன்று கேள்வி கேட்பார். என்ன கிழமை, யாரோடு ஆட்டம், டிசம்பரிலிருந்து மாதங்களைத் தலைகீழாகச் சொல்லு. உளறினால் ஆட்டம் முடிந்தது. அந்த வருஷம் எங்களுக்குக் கோல் போடுகிற பையன் அடிபட்டு, அக்டோபருக்கு மேல் சொல்லத் தெரியாமல் நின்றுவிட்டான். அவன் இல்லாமல் இரண்டு பாயின்டில் தோற்றோம்.

அடுத்த வருஷக் குளிர்காலத்தில்தான் மெர்வுக்கு அந்த யோசனை வந்தது. கேள்வி மாறாது, பதிலும் மாறாது, அப்புறம் என்ன? வியாழக்கிழமை சாயங்காலப் பயிற்சியில் இருபது ஆம்பிளைகளையும் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டு மாதங்களைத் தலைகீழாகக் கத்த வைத்தான். டிசம்பர், நவம்பர், அக்டோபர் என்று சேற்றில் ஓடிக்கொண்டே கத்தினார்கள். வேலியோரம் நின்ற பெண்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன், ஏன் பொய் சொல்ல வேண்டும்.

ஆட்டக்காரர்களில் கீத் நோஸ்கேவுக்கு மட்டும் அது வரவில்லை. ஆறரை அடி உயரம். நடுவர் பந்தைத் தரையில் அடித்து மேலே எழுப்பினால் முதல் கை அவனுடையதாகத்தான் இருக்கும். பேச்சில்தான் மெதுவு.

"டிசம்பர், நவம்பர், அக்டோபர், ஆகஸ்ட்..."

"டேய் நெட்டை, செப்டம்பர் எங்கடா? நாம கொடிக்கு ஆடுற மாசத்தையே முழுங்கிட்டியே!"

"நாக்குல நிக்க மாட்டேங்குது கோச்."

"நிக்க வை. பொண்டாட்டி பேரு நிக்குதுல்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். கீத்தும் சிரித்தான். அடுத்த வியாழக்கிழமையிலும் தடுமாறினான். ஆகஸ்ட் கடைசிக்குள் எப்படியோ கடகடவென்று சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

அந்த வருஷமும் இறுதி ஆட்டம் பாரபூலோடுதான். பாதி ஆட்டம் முடிய ஒரு நிமிஷம் இருக்கும்போது கீத் பந்துக்கு எகிறினான். வந்த முழங்கை தாடையில் பட்டது, விழுந்தபோது பின்மண்டை தரையில் மோதியது. மணி அடித்தது. இரண்டு பேர் கைத்தாங்கலாக உடை மாற்றும் கொட்டகைக்குக் கூட்டி வந்தார்கள். டாக்டர் இன்னொருத்தனுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். மெர்வ் கீத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்தான்.

"எப்படி இருக்க?"

கீத் அவனைத் தாண்டி எங்கேயோ பார்த்தான். "அப்பா காரை எங்க நிறுத்தியிருக்காரு, கோச்?" என்றான்.

அவன் அப்பா செத்து நாலு வருஷம். சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்ததில் மெர்வும் ஒருத்தன்.

வேறு யாரும் அதைக் கேட்கவில்லை. கொட்டகை முழுக்கக் கூச்சல், தைல வாசனை, ஆரஞ்சுத் துண்டுத் தட்டு கைமாறிக்கொண்டிருந்தது. மெர்வ் டாக்டர் பக்கம் திரும்பினான். வாயைத் திறக்கப் போனான். அதற்குள் டாக்டர் வந்து கீத்தின் கண்ணில் டார்ச் அடித்தார்.

"என்ன கிழமை?"

"சனி."

"யாரோட ஆட்டம்?"

"பாரபூல்."

"மாசத்தைப் பின்னாலேர்ந்து சொல்லு."

ஒன்றுகூட விடாமல், மூச்சுகூட விடாமல், பன்னிரண்டையும் சொல்லி முடித்தான் கீத். செப்டம்பர் உட்பட. டாக்டருக்கே ஆச்சரியம். அவர் மெர்வ் பக்கம் திரும்பினார்.

"தெளிவாத்தான் இருக்கான். நீ என்ன நினைக்கிற, மெர்வ்? உனக்குத்தான் பையனைத் தெரியும்."

அட பாவி, கேட்டாரே! வாய்விட்டுக் கேட்டாரே!

"நல்லாத்தான் இருக்கான் டாக்டர்" என்றான் மெர்வ்.

ஆட்டத்தின் கடைசிக் கால்பாகத்தில் கீத்துக்கு இன்னொரு அடி, பெரிய அடிகூட இல்லை, எவனுடைய தோளோ தலையில் பட்டது. ஐந்து பாயின்டில் ஜெயித்தோம். பீர்ப் பீப்பாயை உடைக்கும்போது கீத் பெஞ்சிலிருந்து பக்கவாட்டில் சாய்ந்தான். தூங்குகிறான் என்று சொல்லி ஒருத்தன் அவன் தலையில் பீரை ஊற்றினான். அப்புறம்தான் அவன் மூக்கிலிருந்து ரத்தம் வருவதைப் பார்த்தார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் மண்டையைத் திறந்தார்கள். உயிர் பிழைத்தான். வலது பக்கம் போயிற்று, பேச்சு போயிற்று. இருபத்துநாலு வயது ஆளுக்கு மனைவி ஐரிஸ் கரண்டியில் ஊட்டினாள். அவளுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

ஊருக்கு ஒரு ஆள் வேண்டும், திட்டுவதற்கு. டாக்டர் கிடைத்தார். உள்ளே அனுப்பினது அவர்தானே! பிரசவத்துக்குப் பெண்கள் முப்பது மைல் தள்ளிப் போனார்கள். தபால் ஆபீஸ் வாசலில் ஐரிஸ் அவர் முகத்தில் காறித் துப்பினாள். பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க. மனுஷர் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, "அவன் எல்லாத்தையும் சரியா சொன்னானேம்மா" என்றார். அவ்வளவுதான் சொல்லத் தெரிந்தது அவருக்கு.

வியாழக்கிழமைப் பாடம் இருபது ஆட்டக்காரர்களுக்கும் தெரியும், வேலியோரம் சிரித்தவர்களுக்கும் தெரியும். ஒருத்தரும் மூச்சுவிடவில்லை. கிளப் தலைவர் பெர்ஸி ஹாலம் கிடங்குக்கே வந்தார்.

"மெர்வ், நீ பாட்டுக்கு எதையாவது உளறிக் கொட்டாதே. முப்பத்திரண்டு வருஷம் கழிச்சு வந்த கொடி. அதுல சாணி அடிக்காதே."

"டாக்டர் பாவம், பெர்ஸி."

"டாக்டருக்கு எந்த ஊர்லயும் வேலை கிடைக்கும். கீத்துக்கு எதுவும் திரும்பக் கிடைக்கப் போறதில்ல. யாருக்காக நீ பேசப் போற?"

பெர்ஸிக்குத் தெரிந்தது பாடம் மட்டும்தான். அந்தக் காரைப் பற்றின கேள்வியும், அதைக் கேட்டபிறகு டாக்டரிடம் சொன்ன பதிலும் அப்போது மெர்வ் ஒருத்தனுக்குத்தான் தெரியும். டிசம்பரில் தொடங்குகிற எங்கள் ஊர்க் கோடை முழுக்க அது அவனைத் தின்றது. சாப்பாடு இறங்கவில்லை. மனைவியிடம்கூட சொல்லவில்லை. மார்ச்சில் டாக்டர் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார். வழியனுப்ப யாரும் போகவில்லை. மெர்வ் கிடங்கின் மேல்தட்டில் நின்று கார் போவதைப் பார்த்தான், தன்னைத்தானே கெட்ட வார்த்தையில் திட்டினான், இறங்கி வந்து மூட்டை தூக்கினான்.

ஏப்ரலில், அடுத்த வருஷ ஆட்டங்கள் தொடங்கும் நாளில் கொடியேற்றம். கோச் கயிற்றை இழுக்க வேண்டும், பக்கத்தில் சக்கர நாற்காலியில் கீத் இருக்க வேண்டும் என்று கமிட்டி முடிவு செய்தது. அன்று காலை மெர்வ் நேராக நோஸ்கே வீட்டுக்குப் போனான். பாடத்தையும் கார் விஷயத்தையும் சொல்லிவிடுவது, முழுசாகச் சொல்லிவிடுவது, அவள் கையில் கிடைத்ததை எடுத்து அடித்தால் வாங்கிக்கொள்வது என்றுதான் போனான்.

ஐரிஸ் கீத்துக்குச் சவரம் செய்துகொண்டிருந்தாள். கீத்தின் கண் ஜன்னலில் இருந்தது.

"ஐரிஸ், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். டாக்டர் மேல தப்பில்ல."

அவள் கீத்தின் கன்னத்திலிருந்து கத்தியை எடுத்துவிட்டுத் திரும்பினாள்.

"அந்த மாசப் பாட்டை நான்தான் எல்லாருக்கும் பாடமா சொல்லிக் கொடுத்தேன். மூளை கலங்கினாலும் வாய் சொல்லணும்னு. கீத் தெளிவா இருந்ததால சொல்லல. பழக்கத்துல சொன்னான்."

அடி விழும் என்று காத்திருந்தான். ஐரிஸ் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"நீங்க சொல்லிக் கொடுத்து அவருக்கு வரலையே கோச்" என்றாள். "நான்தான் வர வச்சேன். தினம் சாயங்காலம் உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டே. செப்டம்பரை விட்டா சாப்பாடு கிடையாதுன்னேன். ஒருநாள் நிஜமாவே தட்டை எடுத்து வச்சேன். எனக்கும் அந்தக் கொடி வேணும்னு இருந்துச்சு. ஹாலம் வீட்டு அம்மா மாதிரி நானும் மேடைப் பக்கம் நிக்கணும்னு..."

அழுதாள். அழுகையா அது, ஆடு கத்துகிற மாதிரி கத்தினாள். கீத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தெரிஞ்சே அந்த டாக்டர் மேல துப்பினேன். என்னை யாரும் பாக்கக் கூடாதுன்னு அவரைக் காட்டினேன். நான் மட்டும் சொல்லிக் கொடுக்காம இருந்திருந்தா அன்னைக்கு இவர் உளறியிருப்பாரு. வெளிய உக்கார வச்சிருப்பாங்க. அவ்ளோ சரியா சொன்னா யாருக்குத்தான் சந்தேகம் வரும்? சொல்லுங்க கோச், உங்களுக்கே தெரிஞ்சிருக்காதே?"

இப்போது சொல்ல வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். அவன் உளறினான், எனக்குத் தெரிந்தது, டாக்டர் கேட்டார், நான் மறைத்தேன். சொன்னால் இந்தப் பெண் தலையிலிருந்து பாதிப் பாரம் அந்த நிமிஷமே இறங்கும். மெர்வுக்கு அது நன்றாகவே தெரிந்தது.

"தெரியல ஐரிஸ்" என்றான். "யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

அவள் அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கையெல்லாம் சவர சோப்பு.

"நீங்களாவது மனசுல வச்சுக்காம வந்து சொன்னீங்க. எனக்கு அதுகூட முடியல. உங்க ஆளை நான் கெடுத்துட்டேன். என்னை மன்னிச்சிருங்க கோச்."

தெருவில் கார்கள் மைதானத்துக்குப் போக ஆரம்பித்திருந்தன. பத்து நிமிஷத்தில் கிளம்பியாக வேண்டும்.

"பரவாயில்லம்மா" என்றான் மெர்வ்.