மணிக் கயிறு

அந்தப் பேருந்து ஓட்டுநருக்குப் பணிமனையில் 'கப்சிப்' என்று பெயர். வண்டி பழுதென்றால் விரலால் சக்கரத்தைக் காட்டுவார். டீ வேண்டுமென்றால் தலையை ஆட்டுவார். நாள் முழுக்க ஹாரன் சத்தத்திலும் பயணிகளின் கூச்சலிலும் இருக்கிற மனிதர், வீட்டிலாவது அமைதியாக இருக்கலாமே என்று நினைத்ததில் தப்பொன்றும் இல்லை. அவருக்கும் சேர்த்துப் பேச மனைவி இருந்தாள். அவள் அடுப்போடு பேசுவாள், தண்ணீர்க் குழாயோடு சண்டை போடுவாள், துணி மடிக்கும்போது துணிக்கே புத்தி சொல்லுவாள்.

மகளுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது மனைவி துணி ஆலையில் காலை ஷிப்டுக்குச் சேர்ந்தாள். அவருக்கோ மாலை வண்டி. ஆகவே காலையிலிருந்து மத்தியானம் வரை அப்பாவும் மகளும்தான். சோறு ஊட்டுவார், குளிப்பாட்டுவார், தலை வாரிவிடுவார். ஒரு குறையும் வைக்கவில்லை, வாயைத் திறக்காததைத் தவிர. பாப்பாவும் அப்படியே இருந்தாள். வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டுவாள். ரெண்டு வயது தாண்டியும் "ம்" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

மனைவியின் தம்பி செல்போன் கடையில் வேலை செய்பவன். அக்கா மகள் என்றால் அவனுக்கு உயிர். வரும்போதெல்லாம் ஒரு பேட்டரி பொம்மை கொண்டுவருவான். அட்டையில் 'குழந்தைகளைப் பேசவைக்கும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். எண்ணிக்கை சொல்லும் ஆமை, எழுத்துச் சொல்லும் பலகை, வாலை ஆட்டிக்கொண்டே கதை சொல்லும் நாய் என்று வீடு பொம்மைக் கடை மாதிரி ஆகிவிட்டது.

"கவலைப்படாதீங்க மாமா. இது சொல்லச் சொல்ல இவ கப்புனு புடிச்சுக்குவா பாருங்க" என்பான்.

நாய் பேசியது, ஆமை பாடியது. பாப்பா விளக்கு மினுங்குவதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். ஒருநாள் அவனே பொறுமை இழந்து, "அக்கா, கோவிச்சுக்காத. மாமாகூடவே நாளெல்லாம் இருந்தா எந்தக் குழந்தைக்குப் பேச்சு வரும்?" என்று கேட்டுவிட்டான். செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ஓட்டுநரின் காதில் அது விழுந்தது. அன்றைக்கு வண்டி ஓட்டும்போது ஒரு நிறுத்தத்தில் நிற்க மறந்து, பயணிகளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மறுவாரம் மருத்துவமனைக்குப் போனார்கள். முதலில் காதைச் சோதித்தார்கள். காது நன்றாகக் கேட்டது. பிறகு பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் அனுப்பினார்கள். அவள் நாற்காலியை விட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பாப்பா சொன்னதைப் புரிந்துகொள்கிறாளா, விரல் நீட்டிக் காட்டுகிறாளா என்றெல்லாம் பார்த்தாள். அடுத்த முறை வரும்போது வீட்டில் இருக்கும் பொம்மைகளையும் எடுத்துவரச் சொன்னாள்.

மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். அவள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தட்டிவிட்டாள். அறை சந்தைக்கடை ஆனது. பாப்பா விளக்குகளையே பார்த்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"எல்லாம் மூச்சு விடாமப் பேசுது. இவளுக்கு முறை எப்ப வரும்?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

ஒவ்வொன்றாக அணைத்தாள். பிறகு தன் மேசையிலிருந்து ஒரு மரக் கிலுகிலுப்பையை எடுத்துத் துணிக்கடியில் வைத்து ஆட்டினாள். சட்டென்று நிறுத்தினாள். ஒன்றும் சொல்லாமல் இருந்தாள். பாப்பா துணியைப் பார்த்தாள், பிறகு அவள் முகத்தைப் பார்த்தாள்.

"பாத்தீங்களா? என் முகத்தப் பாத்தா. அடுத்து என்னன்னு கேக்குறா. பேச்சு இங்கதான் ஆரம்பிக்குது."

"அப்ப எந்த மாதிரி பொம்மை வாங்கணும் மேடம்?" என்றாள் மனைவி.

"இவ தட்டணும், ஆட்டணும், இழுக்கணும். அப்பத்தான் சத்தம் வரணும். விட்டா நிக்கணும். வாங்குறதுக்கு முன்னாடி உங்க காதுகிட்ட வெச்சுப் பாருங்க. உங்களுக்கே குத்துச்சுன்னா அங்கேயே வெச்சிட்டு வந்துருங்க. அப்புறம் முக்கியமானது, பக்கத்துல ஒரு ஆள் வேணும். பொம்மை பேச்சு சொல்லித் தராது. நீங்க பேசுறதுக்கு அது ஒரு சாக்கு, அவ்வளவுதான்."

ஓட்டுநர் தொண்டையைச் செருமினார். "எனக்கு அவ்வளவாப் பேச வராதுங்க. என்னாலதான் இப்படி ஆச்சா?"

"குழந்தைக்குப் பேச்சு தாமதமாக நிறைய காரணம் இருக்கு சார். அதைத் தலையில தூக்கிப் போட்டுக்காதீங்க. நீங்க மேடை ஏறிப் பேச வேண்டாம். அவ பாக்குறதுக்கு ஒரு பேர் சொல்லுங்க. சொல்லிட்டுக் காத்திருங்க."

அந்த வார விடுமுறையில் அவரே கடைக்குப் போனார். ஒவ்வொரு பொம்மையாக எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். கடைப்பெண்ணுக்கு வேடிக்கையாக இருந்தது.

"சார், இதை எடுத்துக்குங்க. ஒரு தடவை அமுக்கினா அரைமணி நேரம் பாடும்."

"நடுவுல நிக்காதா?"

"நிக்காது சார், கேரண்டி."

"அப்ப வேண்டாம்மா."

அவள் இவரை ஏற இறங்கப் பார்த்தாள். கடைசியில் அவர் எடுத்தது ஒரு சின்னக் கைமேளம், ஒரு கிலுகிலுப்பை, சத்தமே போடாத மரப் பசுவும் மரப் பூனையும், முன்பக்கம் மணி கட்டிய ஒரு மரப் பேருந்து. கயிற்றை இழுத்தால் 'டிங்' என்று ஒரே ஒரு தடவை அடித்து ஓயும்.

மைத்துனன் வந்து எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தான். "என்ன மாமா, ஒண்ணுலகூட பேட்டரி இல்லையே!"

"நான்தான் மாப்ள பேட்டரி" என்றார் அவர்.

அவர் வாயிலிருந்து ஒரு நையாண்டி வந்ததைக் கேட்டு மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மைத்துனன் முகம் மட்டும் சுண்டிப்போனது. தன் நாய் அலமாரிக்கு மேலே உட்கார்ந்திருப்பதை அவன் பார்த்துவிட்டான்.

மறுநாள் காலை ஜன்னலைச் சாத்திவிட்டு மரப் பசுவைக் கையில் எடுத்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. "ம்மா..." என்றார். அப்பாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்பது போல் பாப்பா பார்த்தாள். மேளத்தைத் தட்டினாள், அவரும் தட்டினார். கிலுகிலுப்பையை ஆட்டினார், "கிலுகிலு" என்றார். பேருந்தை உருட்டினார், தானே மணியை இழுத்தார், தானே "போலாம்" என்றார். நாட்கள் போயின. பக்கத்து வீட்டு அம்மா மனைவியிடம், "உங்க வீட்டுல மாடு ஏதும் வாங்கியிருக்கீங்களா?" என்று கேட்டதுதான் மிச்சம்.

ஒரு மாலை, வண்டி கிளம்பக் காத்திருக்கும்போது அவர் முகம் வாடியிருந்ததை நடத்துநர் கவனித்தார். இருவரும் பல வருடம் ஒரே வண்டியில் வேலை செய்தவர்கள்.

"என்னண்ணே, உடம்பு சரியில்லையா?"

"எம்பொண்ணு இன்னும் பேசலப்பா" என்றார். சொல்ல ஆரம்பித்தவர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மரப் பேருந்து விளையாட்டைக்கூட விடவில்லை.

நடத்துநர் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "மணியும் நீங்க, போலாமும் நீங்க, வண்டியும் நீங்களா? அப்ப எனக்கு என்ன வேலை? நான் சொல்லாம இந்த வண்டிய என்னைக்காவது எடுத்திருக்கீங்களா?"

ஓட்டுநர் சுரீரென்று நிமிர்ந்தார். காத்திருங்கள் என்று அந்தப் பெண் படித்துப் படித்துச் சொன்னாளே! பதில் வராதோ என்ற பயத்தில், பாப்பாவின் முறையையும் அவரே எடுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மணிக் கயிற்றை மகள் கையில் கொடுத்தார். அவர் பேருந்தின் மேல் கையை வைத்து உட்கார்ந்தார். பாப்பா இழுத்தாள். டிங். வண்டி நகரவில்லை. அவள் வண்டியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "போ..." என்று ஆரம்பித்து அவர் நிறுத்திக்கொண்டார். மீதியைச் சொல்லிவிட நாக்கு துடித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டார். பாப்பா அவர் கையைத் தட்டினாள். அவர் அசையவில்லை. புருவத்தைச் சுளித்தாள். வாயைக் குவித்தாள், திறந்தாள்.

"...லா" என்றாள்.

பேருந்து அறையின் மறுகோடிக்கு உறுமிக்கொண்டு ஓடியது. இத்தனை வருடமாக வாயில் அடைத்து வைத்திருந்த இஞ்சின் சத்தமெல்லாம் அன்றைக்கு வெளியே வந்தது. திரும்பி வந்து நின்றது. டிங். "போ..." "லா!" மறுபடி ஓடியது. கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட பாப்பா அவருக்கு நேரம் தரவில்லை.

மத்தியானம் மனைவி வந்தபோது அவர் எதையும் சொல்லவில்லை. "வா, உக்காரு" என்று மட்டும் சொல்லிக் காட்டினார். அவள் தோள்பையைக் கழற்றக்கூட மறந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். பேச்சுக்கே பேர்போனவளுக்கு அப்போது ஒரு வார்த்தை வரவில்லை.

அதற்காக மடை திறந்தது போல எல்லாம் கொட்டிவிடவில்லை. 'ம்மா' வந்தது, 'டும்' வந்தது, 'தா' வந்தது. சில வாரம் புதிதாக ஒன்றும் வராது, பிறகு ஒரே நாளில் இரண்டு வரும். பயிற்சிக்குப் போவதை அவர்கள் நிறுத்தவில்லை. மைத்துனன் நெடுநாள் கழித்து வெறுங்கையோடு வந்தபோது, ஓட்டுநரே அலமாரி மேலிருந்த நாயை எடுத்து, பேட்டரியைக் கழற்றிவிட்டு, "இதுக்கு ஒரு குரல் வேணும் மாப்ள. உன்னை விட்டா ஆள் இல்லை" என்று நீட்டினார். அவன் கொஞ்சம் தயங்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்து குரைத்தான். பாப்பா பேருந்தைக் காட்டி, "ஏலு" என்று அதட்டினாள். 'ஏறு' புது வார்த்தை. அவன் அக்காவைக் கூப்பிட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது.

மூன்றரை வயதில் கடைசிப் பயிற்சி. 'ர' இன்னும் 'ல' ஆகத்தான் வந்தது, அது தானாகச் சரியாகும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். தரையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"வீட்டுல என்ன விளையாடுறீங்க?" என்று கேட்டாள் அவள்.

அந்த அறையில் இப்போதெல்லாம் சரளமாகப் பேசிப் பழகிவிட்ட ஓட்டுநர், "அது வந்து மேடம், காலையில எந்திரிச்சதும்..." என்று ஆரம்பித்தார்.

மகள் அவர் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள்.

"இலுப்பா. நான் சொல்லேன்."