மறுகா இல்லாத தீர்மானம்

மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் உத்தியோகக் காலம் முழுவதையும் கழித்து ஓய்வுபெற்ற என்னை, ஆரையம்பதிப் பக்கத்துச் சிறிய மீன்பிடிச் சங்கம் ஒன்று செயலாளராக்கியது. நடைமுறை தெரிந்த ஆள் வேண்டுமாம்.

ஊரார் ஆறு என்று சொல்லும் வாவியில் எங்கள் மூலையை, இறால் வளரட்டும் என்று மூடி வைத்திருந்தோம். யோசனை என்னுடையது. அவசரப்பட்டு வலை இறங்கிப் பலன் குறைந்தால், இனி எதையும் மூடிவைக்க இந்தச் சங்கம் சம்மதிக்காது.

கூட்டத்தில் தீர்மானத்தை வாசித்தேன்: இப்போது பிடித்தால் ஆளுக்கு அரைக் கூடை, ஒரு மாதம் பொறுத்தால் முழுக் கூடை.

"மறுகாவோ?" என்றார் முன்வரிசைத் தோணிக்காரர். "கச்சேரிக்கு வந்தாலும் மறுகா வாங்க எண்டுதான் சொன்னீங்க. இஞ்சயும் அதுதானா, சேர்?"

"மாசம் பிறந்தா பென்சன் வருது. சேருக்குப் பொறுக்கிறது லேசுதானே," என்றார் அவருடைய மச்சான்.

சபை சிரித்தது. தீர்மானத்துக்கு ஆதரவாக என் கை மட்டுமே உயர்ந்தது. 'பிறகு' என்பதை எங்கள் ஊரில் 'மறுகா' என்போம். உத்தியோகத்தன் வாயிலிருந்து அது வந்தால் 'இல்லை' என்றே எவரும் எடுத்துக்கொள்வார்கள்.

தோற்ற தீர்மானத்தை அதே கூட்டத்தில் மீண்டும் கொண்டுவர முடியாது. ஆனால் வாசகம் வேறானால் தீர்மானமும் வேறு. அந்த விதியைப் படித்தவன் சபையில் நான் ஒருவனே.

தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

"ஆளுக்கு ஒரு முழுக் கூடை இறால் உங்கட பேரில ஆத்துல கிடக்கு. இப்பவே வலை இறக்குறதெண்டா, அதுல பாதிய விட்டுக்குடுக்க வேணும். விட்டுக்குடுக்கிற ஆக்கள் கைய உயத்துங்க."

ஒரு கையும் உயரவில்லை. தோணிக்காரர்தான் எழுந்தார்.

"எங்கட கூடையில பாதிய நாங்க ஏன் குடுக்கிற? ஆருக்குக் குடுக்கிற?"

"ஆத்துக்குத்தான்."

"ஆத்துக்கும் குடுக்க ஏலாது!"

அதே இறால், அதே மாதம், அதே கூடை. திறக்கும் தீர்மானம் ஏகமனதாகத் தோற்கடிக்கப்பட்டதாக, முகத்தை இயன்ற அளவு வாட்டமாக வைத்துக்கொண்டு அறிவித்தேன்.

மாதம் முடிந்த விடியலில் வலைகள் இறங்கின. கூடைகள் வழிந்தன. உள்ளங்கைக்குள் அடங்காத இறால் ஒன்றைத் தோணிக்காரர் என் மூக்குக்கு நேரே ஆட்டினார்.

"பாத்தீங்களா சேர்? அண்டைக்கு நான் எழும்பிக் கதைக்காட்டி இதுல பாதி போயிருக்கும்."

"ஓம், உங்களாலதான் தப்பினது."

"அடுத்த முறை மற்ற மூலையையும் மூடுவம். ஒருத்தனும் விட்டுக்குடுக்கப்படாது!"

அங்கேயே தீர்மானமாக எழுதிக்கொண்டேன். முன்மொழிந்தவர் அவர், வழிமொழிந்தவர் மச்சான்.